சேகோ ஆலைக்கும் ஏற்காட்டுக் காபிக்கும் கிளவுட் வேண்டுமா? எடைச்சீட்டிலிருந்து தொடங்குங்கள்

கேட்கப்பட்டது இது. ஆத்தூர் பக்கம் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலை இருக்கிறது. ஏற்காட்டில் நாகலூரை ஒட்டி எட்டு ஏக்கர் காபித் தோட்டமும் உண்டு. ஜவ்வரிசி வாங்கும் பெரிய கம்பெனி ஒன்று கார்பன் கணக்கு, அதாவது சரக்கைச் செய்து அனுப்ப எவ்வளவு சூடேற்றும் வாயு வெளியாகிறது என்ற கணக்கு, கேட்கிறது. காபி வாங்கும் ஏஜென்ட் தோட்டத்தின் ஜிபிஎஸ் புள்ளியைக் கேட்கிறார். இந்த நேரம் பார்த்து ஒரு மென்பொருள் நிறுவனம் 'பசுமை விநியோகச் சங்கிலி' என்று ஒரு கிளவுட் (இணையம் வழி வாடகைக் கணினி) பேக்கேஜைக் கொண்டுவந்திருக்கிறது. லாரிக்கு லாரி ஜிபிஎஸ், எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் பெரிய டேஷ்போர்டு, பிளாக்செயின் (ஒரே கணக்கைப் பல பேரிடம் மாற்றமுடியாதபடி வைக்கும் முறை), மூன்று வருட ஒப்பந்தம். வாங்கலாமா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது?

முதலில் என் சார்பைச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஆலைகளுக்கும் லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கும் மென்பொருள் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கிளவுட் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் கிளவுட் எதையும் பசுமையாக்காது. சரக்கு கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் எழுதப்படும் சீட்டு நேர்மையாக இருந்தால், அதைப் பல பேர் ஒரே நேரத்தில் பார்க்கும்படி வைக்க கிளவுட் உதவும். அவ்வளவுதான் அதன் வேலை. சீட்டே இல்லாத இடத்தில் டேஷ்போர்டு வெறும் வண்ணப்படம்.

அந்த டேஷ்போர்டில் லாரிகள் நகர்வது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உங்கள் ஜவ்வரிசியின் கார்பன் பெரும்பாலும் லாரியில் இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அளவுகள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் ஆலையின் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 50 டன் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அரைக்கிறீர்கள், அதில் 10 டன் ஜவ்வரிசி கிடைக்கிறது என்று வைப்போம். கிழங்கு சராசரியாக 60 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பத்து டன் லாரி ஐந்தில் வருகிறது. ஒரு லாரிக்குப் போக வர 120 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் ஐந்து லாரிக்கும் சேர்த்து 150 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக மொத்தம் 400 கிலோ சொச்சம். 90 கிலோ மூட்டைக்குப் பிரித்தால் மூன்றரை கிலோ. மூட்டை மும்பைக்குப் போகிறது என்றால் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், 25 டன் லாரியில் 300 லிட்டர். அதுவும் மூட்டைக்கு 3 கிலோதான். ஈ.பி. பில்லில் ஒரு நாளுக்கு 2,000 யூனிட் வருகிறது என்றால், நம் நாட்டு மின்தொகுப்புக்கு யூனிட்டுக்கு 0.7 கிலோ என்ற கணக்கில் 1,400 கிலோ. மூட்டைக்கு 12, 13 கிலோ.

இப்போது கழிவுநீருக்கு வாருங்கள். நாளுக்கு 2 லட்சம் லிட்டர், லிட்டருக்கு 5 கிராம் சி.ஓ.டி. (நீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு) என்றால் 1,000 கிலோ சி.ஓ.டி. அதை ஆழமான திறந்த குட்டையில் தேக்கினால் அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வரும். ஐ.நா. காலநிலைக் குழுவான ஐபிசிசியின் கணக்கு முறையில் ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு அதிகபட்சம் 0.25 கிலோ மீத்தேன், ஆழக் குட்டைக்கு 0.8 என்ற காரணி. பெருக்கினால் 200 கிலோ மீத்தேன். நூறு வருடக் கணக்கில் மீத்தேனின் சூடேற்றும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு. ஆக 5,600 கிலோ. மூட்டைக்கு 50 கிலோ.

லாரி போக வர எல்லாம் சேர்த்து ஆறரை கிலோ, குட்டை மட்டும் ஐம்பது. லாரிக்கு ஜிபிஎஸ் மாட்டி வழியைச் சுருக்கி பத்து சதவீதம் மிச்சம் பிடித்தாலும் மூட்டைக்கு அரைக் கிலோ சொச்சம்தான் குறையும். விற்க வந்தவர் இதைச் சொல்லமாட்டார், ஏனென்றால் ஜிபிஎஸ் பெட்டி அவரிடம் இருக்கிறது, பயோகேஸ் கலன் அவரிடம் இல்லை.

சேலம் வட்டாரத்துச் சேகோ ஆலைகள் பலவற்றில் பயோகேஸ் கலன் ஏற்கெனவே உண்டு. உங்களிடம் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மேலே சொன்ன அதே கழிவுநீரில் 80 சதவீத சி.ஓ.டி.யை மூடிய கலனில் கரைத்தால் ஏறக்குறைய 280 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். அதை என்ஜினில் விட்டால் நாளுக்கு 900 யூனிட் வரை மின்சாரம். ஈ.பி. பில்லில் பாதிக்குக் கிட்ட. வறுக்கும் அடுப்புக்கே நேராகக் கொடுத்தால் விறகோ வேறு எரிபொருளோ அந்த அளவு மிச்சம். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், கலன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று யாரும் எழுதிவைப்பதில்லை. சீசன் ஆரம்பத்தில் அரவை திடீரென்று ஏறும், கலனுக்குள் அமிலம் கூடும், பி.எச். 6.5க்குக் கீழே இறங்கினால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் படுத்துவிடும். கேஸ் குறைந்தது தெரிந்து ஆள் பார்ப்பதற்குள் ஒரு வாரம் போயிருக்கும். அதுவரை கழிவுநீர் அப்படியே குட்டைக்குப் போயிருக்கும்.

கிளவுடுக்கு உங்கள் ஆலையில் முதல் உருப்படியான வேலை இங்கேதான். கேஸ் குழாயில் ஒரு ஃப்ளோ மீட்டர், கலனில் ஒரு பி.எச். மானி, மெயின் போர்டில் ஒரு எனர்ஜி மீட்டர், போர்வெல் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர். நான்கையும் சிம் போட்ட சின்ன கேட்வே பெட்டியில் இணைத்தால், கால் மணிக்கு ஒரு முறை அளவு மேலே போகும். பி.எச். இறங்க ஆரம்பித்தாலே சூப்பர்வைசர் போனுக்கு மெசேஜ். நொடிக்கு நொடி அளவு எடுக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் தேவையில்லை என்று சொல்லுங்கள். கலன் நொடிக்கணக்கில் மாறுவதில்லை, தரவு சேமிக்கும் பில்தான் மாறும். மாதத்துக்கு ஒரு முறை பி.எச். மானியை அளவுத் திரவத்தில் முக்கிச் சரிபார்க்க ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். நான் பார்த்த இடங்களில் சென்சார் திட்டங்கள் செத்துப்போவது பெரும்பாலும் இந்தச் சின்ன வேலையை யாரும் செய்யாததால்தான்.

ஆத்தூர் வழியே ஓடும் வசிஷ்ட நதிக் கரையில் சேகோ கழிவைப் பற்றிய புகார் புதிதல்ல. ஆகவே தண்ணீர் மீட்டரும் வெளியேறும் நீரின் அளவும் நாள்வாரியாகப் பதிவாகியிருப்பது கார்பன் கேட்கும் கம்பெனிக்கு மட்டும் இல்லாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் பதில் சொல்ல உதவும்.

அடுத்தது கிழங்கு. பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிக் கெட ஆரம்பித்துவிடும், மாவும் குறையும். சீசனில் ஆலை வாசலில் லாரி வரிசை நிற்பதும், அரைக்க முடியாமல் கிழங்கு குவியலாகக் கிடப்பதும் உங்களுக்கே தெரியும். இப்படிக் கெட்டுப்போகும் ஒவ்வொரு டன்னுக்கும் பின்னால் பத்து மாதத் தண்ணீரும் உரமும் டீசலும் இருக்கிறது. விநியோகச் சங்கிலியைப் பசுமையாக வடிவமைப்பது என்றால் முதலில் இதைத்தான் வடிவமைக்கவேண்டும், யார் எந்த நாளில் பிடுங்குவது என்பதை.

வழி ரொம்பச் சாதாரணமானது. உங்களுக்குக் கிழங்கு போடும் விவசாயிகளின் பட்டியல், எந்த ஊர், எத்தனை ஏக்கர், நட்ட மாதம், என்ன ரகம். இதை வைத்து அடுத்த பத்து நாளுக்கு எவ்வளவு கிழங்கு வரக்கூடும் என்று ஒரு கணிப்பு. ஆலையின் அரவைத் திறனுக்குத் தக்கபடி நாளும் நேரமும் பிரித்து ஏஜென்டுக்கும் விவசாயிக்கும் மெசேஜ். பிடுங்கும் ஆட்கள் அந்த நாளுக்கே வருவார்கள், லாரி அந்த நேரத்துக்கே வரும். மழை பெய்து காட்டுக்குள் லாரி இறங்காவிட்டால் முறையை மாற்றிப்போடவேண்டும். அந்த மாற்றம் உடனே எல்லாருக்கும் தெரியவேண்டும். இதை நோட்டில் செய்யமுடியாது. வாட்ஸ்அப் குரூப்பில் ஓரளவு செய்யலாம், ஆனால் பழைய மெசேஜும் புது மெசேஜும் கலந்துபோகும். கிளவுடில் ஒரே பட்டியல், கடைசியாக மாற்றியதுதான் செல்லும் என்று இருந்தால் தகராறு குறையும்.

பாயிண்ட் (கிழங்கில் உள்ள மாவின் அளவு) விஷயத்தையும் இதோடு சேர்த்துவிடுங்கள். விவசாயிகளுக்கும் ஆலைகளுக்கும் இடையில் பாயிண்ட் அளப்பதைப் பற்றிய சண்டை பல வருடமாக நடக்கிறது. மாதிரி எடுத்துப் பாயிண்ட் பார்க்கும்போது மானியின் படம், எடை மேடையின் படம், லாரி எண், நேரம் நான்கும் ஒரே பதிவாகி அதே நிமிடம் விவசாயி போனுக்குப் போகட்டும். இதற்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம்பிக்கை இருந்தால்தான் விவசாயி தன் நிலத்தின் விவரத்தையும் நட்ட தேதியையும் உண்மையாகச் சொல்வார். அது உண்மையாக இருந்தால்தான் மேலே சொன்ன கணிப்பு பலிக்கும். விவசாயியிடமிருந்து தரவை வாங்கமட்டும் செய்து எதையும் திருப்பிக் காட்டாத மென்பொருள் எதுவும் இரண்டாவது சீசன் தாண்டாது. போன் எண்ணும் நில விவரமும் வாங்கும்போது எதற்காக என்று சொல்லிச் சம்மதம் பெற்றுக்கொள்ளுங்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆலைக்கும் பொருந்தும்.

லாரி கணக்கு மேலே சின்னதாகத் தெரிந்தாலும் அதை விட்டுவிடச் சொல்லவில்லை. வெளியே போகும் சரக்குக்கு உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. 2018 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் உள்ள இ-வே பில்லில் புறப்படும் இடம், சேரும் இடம், தூரம், வண்டி எண், அளவு எல்லாம் உண்டு. கார்பன் கணக்குக்கு வேண்டியதில் பாதி அதுதான். புதிதாக ஜிபிஎஸ் எதற்கு? அந்த பில்களை எக்ஸெல்லாக இறக்கி, டன் கிலோமீட்டர் (எடையைத் தூரத்தால் பெருக்கியது) கணக்கிட்டாலே முதல் வருடத்துக்குப் போதும். போக்குவரத்துக் கார்பனைக் கணக்கிட 2023இல் வந்த ஐஎஸ்ஓ 14083 என்ற தரமுறையும் இதே அடிப்படையில்தான் போகிறது. காலி வண்டி திரும்புவதையும் அது கணக்கில் சேர்க்கச் சொல்கிறது, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பச்சைக் கிழங்குக்கு வரி இல்லாததால் இ-வே பில் வராது. உள்ளே வரும் பக்கத்துக்கு எடைச்சீட்டுதான் கதி.

ரிட்டர்ன் லோடு விஷயத்தில் சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மகாராஷ்டிரத்தில் ஜவ்வரிசியை இறக்கிவிட்டு எந்த லாரியும் சும்மா திரும்புவதில்லை. ஓட்டை இருப்பது கிழங்கு வண்டியில். காட்டுக்குக் காலியாகப் போய் நிறைத்துக்கொண்டு வருகிறது. ஆலையிலிருந்து திப்பியை (மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையை) மாட்டுத்தீவனக்காரருக்கு எடுத்துப்போகும் வண்டியும் அதே திசையில்தான் போகிறது என்றால் இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தால் ஒரு நடை மிச்சம். இந்த மாதிரிப் பொருத்தங்கள் உங்கள் சொந்த எடைச்சீட்டை ஒரு மாதம் வரிசைப்படுத்திப் பார்த்தாலே கண்ணில் படும்.

சரி, ஏற்காட்டுக்கு ஏறுவோம்.

ஏஜென்ட் ஜிபிஎஸ் புள்ளி கேட்பதற்குக் காரணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டம். 2023 ஜூனிலேயே சட்டமாகிவிட்டது, இறக்குமதியாளர்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கும் தேதிதான் தள்ளிப்போனது (கடைசியில் சொல்கிறேன்). காபி, கோகோ, ரப்பர், பாமாயில், சோயா, மரம், கால்நடை ஆகிய ஏழும் அவற்றிலிருந்து செய்யும் பொருள்களும் அதில் அடங்கும். மரவள்ளி அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே ஆலைக்கு இந்தத் தொல்லை கிடையாது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்தது இல்லை என்று அங்கே இறக்குமதி செய்பவர் உறுதிமொழி கொடுக்கவேண்டும். அதோடு விளைந்த நிலத்தின் இருப்பிடத்தையும் கொடுக்கவேண்டும். நம் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குத்தான் போகிறது, அதில் இத்தாலி முதலிடம். அதனால் ஏற்காட்டில் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் வரை இந்தக் கேள்வி வந்து சேர்ந்துவிட்டது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி 1820களில், எம்.டி. காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த காலத்தில் வந்தது. ஆக 2020க்கு முன்பே தோட்டம் இருந்தது என்பது இங்கே யாருக்கும் சந்தேகமில்லாத விஷயம். அதைப் பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருப்பவர் நம்பும்படி காட்டுவதுதான் வேலை. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் காபி நிழலில் வளர்வது. மேலே சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி, நடுவே பலா, ஆரஞ்சு. செயற்கைக்கோள் படத்தில் இது காடு மாதிரியே தெரியும். 2020 படத்தில் 'காடு' என்று பதிவான நிலத்தில் நீங்கள் மழைக்கு முன்னால் நிழல் கவாத்து (நிழல் மரக் கிளைகளைக் கழிப்பது) செய்தாலோ, முற்றிய சில்வர் ஓக்கை வெட்டி விற்றாலோ, அடுத்த படத்தில் மரக்கூரை குறைந்து 'காடு அழிந்தது' என்று கம்ப்யூட்டர் கொடி காட்டிவிடும். வெட்டவெளியில் காபி போடுபவருக்கு வராத சிக்கல், மரத்தை வைத்துக் காப்பாற்றியவருக்கு வருகிறது. சட்டத்தின்படி விவசாய நிலத்தில் உள்ள மரம் காடு ஆகாது. ஆனால் அதைக் காட்ட ஆவணம் வேண்டும்.

என்ன ஆவணம்? பட்டா, சிட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்). தோட்டத்துக்குள் நின்று தேதியோடு எடுத்த படங்கள். கவாத்து எப்போது, எந்தப் பகுதியில் செய்தது என்ற குறிப்பு. சில்வர் ஓக் வெட்டியிருந்தால் அதன் தாள்கள். பழைய காபி விற்பனை ரசீதுகள். இதையெல்லாம் ஸ்கேன் செய்து ஒரு கிளவுட் கோப்புறையில் நிலத்தின் எல்லைக்கோட்டோடு இணைத்து வைத்தால், மூன்று வருடம் கழித்து யாராவது கேட்டாலும் ஐந்து நிமிட வேலை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒரு முறை பத்து மீட்டர் துல்லியத்தில் எடுக்கும் படங்கள் இலவசம். கூகுள் எர்த் என்ஜின் போன்ற கிளவுட் சேவையில் உங்கள் எல்லையைப் போட்டு 2020 டிசம்பரை ஒட்டிய படத்தையும் இன்றைய படத்தையும் நீங்களே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர்கள் கொடி காட்டுவதற்கு முன் நாம் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. ஜனவரி, பிப்ரவரி படமாகப் பாருங்கள், மற்ற மாதங்களில் பாதி நாள் மேகம்தான் தெரியும்.

நான்கு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கருக்குக் கீழே என்றால் சட்டம் ஒரு புள்ளி மட்டும் போதும் என்கிறது. உங்களுடையது எட்டு ஏக்கர், ஒரு புள்ளி போதும். ஆனாலும் எல்லையைச் சுற்றி நடந்து கோடாகவே வரைந்துகொள்ளுங்கள். ஒரு புள்ளியைக் கொடுத்தால் சோதிக்கும் மென்பொருள் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பார்க்கும், பக்கத்தில் ரிசர்வ் ஃபாரஸ்ட் இருந்தால் வட்டம் அதற்குள் போய்விடும். ஜிபிஎஸ் எண்ணில் தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் வேண்டும் என்பதும் விதி. ஆறாவது இலக்கம் பதினோரு சென்டிமீட்டர். சில்வர் ஓக் அடியில் நிற்கும் போன் ஐந்து பத்து மீட்டர் தள்ளியே காட்டும். அதனால் இலக்கங்களைப் பார்த்து மயங்காமல், வரைந்த கோட்டைப் புலப்படத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். காபி வாரியமும் இந்தச் சட்டத்துக்காக விவசாயிகளைச் செயலி மூலம் பதிவு செய்கிறது, முதலில் அதில் பதிந்துவிடுங்கள். அது இலவசம், தனியார் பேக்கேஜ் எதுவும் அதற்கு மாற்றாகாது.

பெரிய ஓட்டை தோட்டத்தில் இல்லை, ஏஜென்ட் குடோனில். வாழவந்தி, மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என்று பல ஊர்ச் சின்னத் தோட்டங்களின் பார்ச்மெண்ட் (உள்தோலோடு காயவைத்த காபிக்கொட்டை) ஒரே குவியலில் சேர்கிறது. சட்டம் கலப்பதைத் தடுக்கவில்லை, இருப்பிடம் தெரியாத காபியோடு கலப்பதைத்தான் தடுக்கிறது. நூறு மூட்டையில் ஒரு மூட்டைக்குப் புள்ளி இல்லாவிட்டாலும் மொத்த லாட்டும் போச்சு. 'எவ்வளவு நல்லது வந்ததோ அவ்வளவு நல்லது போனது' என்று புத்தகத்தில் மட்டும் சரிக்கட்டுவதும் செல்லாது. ஆகவே மூட்டை உள்ளே வரும்போதே தோட்ட எண் எழுதிய அட்டை, கொட்டிக் கலக்கும்போது எந்த எண்கள் சேர்ந்து எந்த லாட் ஆனது என்ற பதிவு, மலையிறங்கி க்யூரிங் ஒர்க்ஸுக்கு (உள்தோலை நீக்கித் தரம் பிரிக்கும் ஆலைக்கு) போகும்போது அதே லாட் எண். கூடவே எடையும் பொருந்தவேண்டும். ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை என்பது தோராயக் கணக்கு. எட்டு ஏக்கரிலிருந்து இருபது ஏக்கர் விளைச்சல் வந்ததாகப் பதிவானால் அதைக் கணினி தானாகவே கண்டுபிடித்துவிடும், கண்டுபிடிக்கவும் வேண்டும்.

இதற்கான செயலி சிக்னல் இல்லாமலும் ஓடவேண்டும். இது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குப்பனூர் வழி இறங்கும் பாதையிலும் உள்ளே இருக்கும் பல மலைக்கிராமங்களிலும் போன் கோபுரத்தை நம்பி வேலை செய்யமுடியாது. பதிவு போனிலேயே சேமித்து, சிக்னல் கிடைத்ததும் மேலே போகவேண்டும். டெமோ காட்ட வருபவரை சேலம் ஆபீஸில் உட்காரவைக்காமல் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு மூட்டையைப் பதியச் சொல்லுங்கள். பாதி பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

பதிவின் வடிவத்துக்கு, பார்கோடுத் தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இபிசிஐஎஸ் என்ற பொதுத்தரம் இருக்கிறது, 2022இல் இரண்டாம் பதிப்பு வந்தது. என்ன சரக்கு, எங்கே, எப்போது, எதற்காக, எந்த நிலையில் என்று ஒவ்வொரு கைமாற்றத்தையும் ஒரு நிகழ்வாக எழுதச் சொல்கிறது. நீங்கள் அதைப் படிக்கத் தேவையில்லை. விற்பவரிடம் 'உங்கள் தரவை இபிசிஐஎஸ் வடிவில் எடுக்கமுடியுமா' என்று கேளுங்கள், விழித்தால் புரிந்துகொள்ளலாம்.

பிளாக்செயின் வேண்டாம். ஒரே ஆலை, ஒரே ஏஜென்ட், ஒரே க்யூரிங் ஒர்க்ஸ் என்ற அளவுக்கு, அழிக்கமுடியாமல் வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போகும் ஒரு சாதாரண டேட்டாபேஸ் போதும். பெரிய கப்பல் கம்பெனியான மெர்ஸ்க்கும் கணினிக் கம்பெனியான ஐபிஎம்மும் சேர்ந்து கப்பல் சரக்குக்காக நடத்திய டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளமே, தொழிலில் எல்லாரும் சேர முன்வராததால் மூடுவதாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. தொழில்நுட்பம் தோற்கவில்லை, மற்ற கப்பல் கம்பெனிகள் போட்டியாளர் நடத்தும் தளத்தில் தங்கள் கணக்கைப் போட யோசித்தார்கள். உங்கள் ஆலையின் விவரத்தைப் பக்கத்து ஆலைக்காரர் நடத்தும் தளத்தில் நீங்கள் போடுவீர்களா?

கிளவுடே மின்சாரம் தின்னும் சாமான்தானே என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். நியாயமான கேள்வி. சர்வதேச எரிசக்தி முகமை கணக்கில் 2024இல் உலகத் தரவு மையங்கள் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் எடுத்தன, உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். ஆனால் உங்கள் அளவு என்ன என்று பாருங்கள். ஐம்பது வாட் அளவுக்கு ஒரு சின்ன சர்வர் வருடம் முழுக்க ஓடினால் 440 யூனிட் அளவு, 300 கிலோ கார்பன். திறந்த குட்டை ஒன்றேகால் மணி நேரத்தில் விடுவது அது. ஆபீஸில் ஏசி போட்ட அறையில் சொந்த சர்வர் வைப்பதைவிட மும்பை, ஹைதராபாத், சென்னையில் உள்ள பெரிய தரவு மையத்தில் ஒரு மூலையை வாடகைக்கு எடுப்பது மின்சாரத்திலும் மிச்சம்தான். எடைமேடைப் படங்களைச் சுருக்கிச் சேமியுங்கள், இரண்டு சீசன் தாண்டியதை விலை குறைந்த கிடங்குச் சேமிப்புக்கு மாற்றிவிடுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவேண்டாம்.

ஜவ்வரிசி வாங்கும் கம்பெனிக்கு என்ன கொடுப்பது? அவர்கள் கேட்பது அவர்களுடைய ஸ்கோப் 3 கணக்குக்காக, அதாவது சரக்கு தருபவர்கள் போன்ற மற்றவர்கள் வழியாக வரும் கார்பனுக்காக. உங்கள் ஆலையில் எரிவதும் உங்கள் ஈ.பி. பில்லும் உங்களுக்கு ஸ்கோப் 1, 2, அவர்களுக்கு அதுவே ஸ்கோப் 3. நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் ஏதோ ஒரு சராசரி எண்ணைப் போட்டுக்கொள்வார்கள். அப்போது குட்டையைத் திறந்துபோட்டிருக்கும் ஆலைக்கும் பயோகேஸில் அடுப்பெரிக்கும் ஆலைக்கும் ஒரே மதிப்பெண். கலன் வைத்திருப்பவர் சொந்த அளவைக் கொடுப்பதில்தான் லாபம். மாதவாரியாக அரைத்த கிழங்கு, மூட்டை எண்ணிக்கை, யூனிட், டீசல், தண்ணீர், கேஸ் கன மீட்டர் என்று ஒரு பக்கம் போதும். எந்த மீட்டரிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பதிலுக்கு அவர்களிடம் ஒன்று கேளுங்கள், இந்தக் கணக்கு நன்றாக இருந்தால் விலையிலோ நீண்டகால ஆர்டரிலோ என்ன தருவீர்கள் என்று. அதைக் கேட்காமல் தரவு கொடுக்கும் ஆலைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆறு மாதம் மெனக்கெட்டுச் சேர்த்த கணக்கைச் சும்மா தூக்கிக்கொடுத்துவிடுகிறார்கள். சேகோசர்வ் (சேகோ ஆலைகளின் கூட்டுறவு விற்பனைச் சங்கம்) வழியாகப் போகும் மூட்டைக்கு இந்தக் கணக்கு தனியாக ஒட்டிக்கொண்டு போகாது, அதனால் நேரடியாக வாங்குபவரோடுதான் இந்தப் பேச்சு.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். மூன்று வருடம் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு அரவை சீசனுக்கு மட்டும் மாத வாடகையில் எடுங்கள். எழுத்தில் இவை வேண்டும்: எல்லாத் தரவும் உங்களுடையது, எப்போது கேட்டாலும் எக்ஸெல்லாகவும் படங்களோடும் கொடுக்கவேண்டும், விட்டுவிலகினால் முப்பது நாளுக்குள் முழுப் பிரதி. முதல் மாதம் எடைமேடையும் பாயிண்டும் மட்டும், இரண்டாவது மாதம் கேஸும் பி.எச்.சும், அப்புறம்தான் கிழங்கு பிடுங்கும் நாள் முறை. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எடைமேடை ஆள் பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுவார்.

காபிக்கு மட்டும் நாள் கிழமை பார்க்கவேண்டும். 2025 டிசம்பரில் செய்த திருத்தத்தின்படி பெரிய, நடுத்தர இறக்குமதியாளர்களுக்குச் சட்டம் 2026 டிசம்பர் 30இல் தொடங்குகிறது, சிறிய, மிகச் சிறிய நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30இல். உங்கள் ஏஜென்ட் யாருக்கு விற்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிக்கு என்றால், 2026 நவம்பரில் தொடங்கும் பறிப்பு அங்கே போய்ச் சேரும்போது சட்டம் அமலில் இருக்கும். எல்லைக்கோட்டை இந்தக் கோடையிலேயே, மழைக்கு முன்னால், அடுத்த நிழல் கவாத்துக்கும் முன்னால் நடந்து வரைந்து, மரங்களைப் படமெடுத்து வைத்துவிடுங்கள்.